குமரி மாவட்டத்தில் பஸ், டாரஸ் தொந்தரவு இல்லாத கிராவல் சைக்கிள் தடம்: ஆற்றோரம், மலையோரம் எது தேறும்?

வடசேரிக்காரன்:

வணக்கம். நாகர்கோவில் வடசேரியிலிருந்து கேட்கிறேன். கிராவல் சைக்கிளில் (மண், ஜல்லித் தடத்துக்கான அகல டயர் சைக்கிள்) காலை நேரம் ஓட்ட, பஸ்ஸும் டாரஸ் லாரியும் இல்லாத தடம் வேண்டும். நம் மாவட்டத்தில் தார் ரோடு எல்லாமே ஒரே மாதிரி. இரண்டு பக்கமும் மதில், கொஞ்ச தூரத்துக்கு ஒரு வளைவு, எதிரே பாறைக்கல் ஏற்றிய லாரி வந்தால் இறங்கி நிற்க ஓரம் கிடையாது.

சைக்கிள்: அலுமினியம் ஃபிரேம், 700x38 டயர் டியூபுடன், முன்பக்கம் 46/30 பல், பின்பக்கம் 11-34 பல், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். ஓட்டுபவர் எடை 70 கிலோ. கூட 15 வயதுப் பையன் 27.5 இஞ்ச் ஹார்ட்டெயிலில் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள்) வருவான்.

கேட்பது இதுதான். பழையாறு, கோதையாறு, பரளியாறு பக்கம் பெரும்பகுதி மண் தடமாகவே 40 முதல் 60 கி.மீ. ஓட்ட முடியுமா? மலைக்குள் எதுவரை போகலாம், எங்கே அனுமதி வேண்டும்? 38 மி.மீ. டயர் போதுமா? எந்த மாதம் எந்தப் பக்கம்? காலை 5.30-க்குக் கிளம்பி 10 மணிக்குள் வீடு திரும்ப வேண்டும்.

சானல்கரை (பூதப்பாண்டி):

அண்ணாச்சி, ரோட்டு மேப்பை மடிச்சு வச்சுட்டு தண்ணி மேப்பை எடுங்க. நம்ம மாவட்டத்துல வண்டி இல்லாத மட்டமான மண் தடம்னா அது சானல் (பாசனக் கால்வாய்) கரைதான். பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிஞ்சதிலிருந்து மலைத் தண்ணி அடிவாரத்தை ஒட்டியே வளைஞ்சு வளைஞ்சு கிழக்கே நாஞ்சில் நாட்டுக்கு வருது. பெருஞ்சாணிக்குக் கீழே புத்தன் அணையிலிருந்து பாண்டியன் கால்வாயும் பத்மநாபபுரம் புத்தனாறும் பிரியுது. தோவாளை சானல், அனந்தனாறு சானல், நாஞ்சில்நாடு புத்தனாறு சானல், மேற்கே சிற்றாறு பட்டணங்கால் எல்லாம் இந்தக் குடும்பம்தான். தண்ணி தானா ஓடணும்னா சானல் மேட்டையும் பள்ளத்தையும் சுத்திக்கிட்டு ஒரே மட்டத்தைப் பிடிச்சுத்தான் போகணும். அதனால கரையில ஏத்தம் இருக்காது. ஊருக்கு நடுவிலயும் போகாது, ஒவ்வொரு ஊருக்கும் முதுகுப்பக்கமா சுத்திட்டுப் போகும். அவசரமாப் போறவனுக்கு இது பிரயோஜனமில்லை, அதான் வண்டி வராது.

எந்தக் கரையில ஏறணும்னு தெரிஞ்சுக்கிடுங்க. எப்பவும் பள்ளத்துப் பக்கக் கரை. மலைப்பக்கத்தை வெட்டி எடுத்த மண்ணைப் பள்ளத்துப் பக்கம் போட்டு உயர்த்துனதுதான் கரை. துறை ஜீப் போற பாதை அது மேலதான் கிடக்கும். மலைப்பக்கம் பெரும்பாலும் ஆள் நடக்கிற வரப்பு அளவுதான், ஓடை வந்து விழுற இடத்துல அதுவும் அறுந்து போயிருக்கும்.

அடுத்தது காலண்டர். பாசனத்துக்கு வழக்கமா ஜூன் 1-ல் அணை திறந்து பிப்ரவரி 28-ல் அடைப்பாங்க. தண்ணி ஓடுற காலத்துல கரை ஈரப்பதமா, கெட்டியா இருக்கும், தூசி கிடையாது. ஓட்ட நல்ல மாசம்னா ஜனவரியும் பிப்ரவரியும். வடகிழக்குப் பருவமழை முடிஞ்சிருக்கும், காத்து கம்மி, சானல்ல தண்ணியும் கிடக்கும். அடைச்ச பிறகு மார்ச் மாசம் ரொம்பக் கவனம். தண்ணி நிறைஞ்சிருந்தவரை அதோட அழுத்தமே உள்சரிவைத் தாங்கிப் பிடிச்சிருக்கும். தண்ணியை இறக்கிட்டா நனைஞ்ச மண்ணோட எடை மட்டும் நிக்கும், தாங்க ஆள் இல்லை. உள்பக்க விளிம்பு நீளவாக்குல வெடிச்சு அப்படியே சரியும். புல் மூடிக் கிடக்கிறதால வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. அதனால கரை நடுவுக்கு வெளிப்பக்கமா ஒரு முழம் தள்ளியே ஓட்டுங்க. பையனுக்கும் இதைச் சொல்லி வைங்க. ஏப்ரல், மே தூர்வாருற காலம். ஜேசிபி சங்கிலித் தடமும் அள்ளிப் போட்ட சேறும் காய்ஞ்சு கல்லாட்டம் கிடக்கும், 38 டயர்ல கை மரத்துப் போகும். கரை நீர்வளத் துறையோடது, பொது ரோடு கிடையாது. அவங்க வேலை நடந்தா திரும்பிடணும், வாக்குவாதம் வேண்டாம்.

இனி தடம். வடசேரியிலிருந்து புத்தேரி, பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம் வரை தார். காலை 5.30-க்குக் கிளம்புனா 6.30-க்கு அங்க நிக்கலாம். அங்க தோவாளை சானல் கரையைப் பிடிச்சு தெரிசனங்கோப்பு வழியா கிழக்கே தோவாளைப் பக்கம் வாங்க. இடப்பக்கம் தாடகை மலை, வலப்பக்கம் வயலும் தென்னந்தோப்பும். நடுவுல சில இடத்துல கரையை விட்டு ஊர் ரோட்டுல இறங்கி ஏறணும், அது இல்லாம முழுசா ஒரே தடம் கிடைக்காது. தோவாளையில திருநெல்வேலி ரோட்டைக் குறுக்கே தாண்டி, வயல் ரோடுகள் வழியா தேரூர், சுசீந்திரம், அப்புறம் வீடு. மொத்தம் 45-லிருந்து 50 கி.மீ. அதுல பாதி மண். மண்ணுல மணிக்கு 14, தார்ல 22 கி.மீ.ன்னு கணக்கு வச்சா ஓட்டுற நேரம் 3 மணிக்குப் பக்கம். இறங்கித் தள்ளுறது, சாயா குடிக்கிறது எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம் வச்சுக்கிடுங்க.

கரையில நம்மை நிறுத்துற விஷயம் மூணு. மடை வர்ற இடத்துல காங்கிரீட் மேடு, அதை ஒட்டி ரெண்டு பக்கமும் மண் அரிச்சு ஒரு சாண் குழி. வேகமா வந்தா முன்சக்கரம் அதுல உக்காந்துடும். அடுத்து, மேய்ச்சலுக்குக் கட்டுன மாட்டுக் கயிறு. மாடு ஒரு பக்கம் நிக்கும், முளை எதிர்ப்பக்கம் இருக்கும், கயிறு புல்லோட புல்லா குறுக்கே கிடக்கும். மாட்டைப் பாத்தாலே முளை எங்கன்னு தேடுங்க. மூணாவது படித்துறை. காலை 6-லிருந்து 8 வரை ஜனங்க குளிக்கிற நேரம். தூரத்திலேயே மணி அடிச்சு, இறங்கி, தலையைக் குனிஞ்சு உருட்டிட்டுப் போயிருங்க. ஹெல்மெட்ல கேமரா மாட்டியிருந்தா கழட்டிப் பையில போட்டுடுங்க. ஒருத்தர் பண்ற கோளாறுக்கு அப்புறம் வர்ற எல்லாருக்கும் கரை அடைபடும்.

அறுவடைக் காலத்தையும் பாத்துக்கிடணும். நெல்லு ரெண்டு போகம்: கன்னிப்பூ அறுப்பு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்குல, கும்பப்பூ அறுப்பு பிப்ரவரி, மார்ச். அப்ப அறுவடை மிஷின் ஏறி இறங்குன இடமெல்லாம் களி பிசைஞ்ச மாதிரி இருக்கும், வயல் ரோட்டுல நெல் காயும். நெல்லு மேல ஏத்தாதீங்க, வைக்கோல் மேலயும் ஏத்தாதீங்க. பின்சக்கரக் கேசட்டுல (பல்சக்கர அடுக்கு) வைக்கோல் சுத்திக்கிட்டா டீரெயிலரை (செயினை நகர்த்தி கியர் மாத்துற பாகம்) உடைச்சுட்டுத்தான் விடும்.

அனந்தனாறு சானலை ஊருக்கு வெளியே மட்டும் நம்புங்க. பார்வதிபுரம் பக்கம் வந்ததும் கரையும் வீட்டு முற்றமும் ஒண்ணாயிடும்.

அஞ்சாவது_கியர்:

எல்லாம் சரி, கீரிப்பாறை, காளிகேசம், பாலமோர், மாறாமலை எல்லாத்தையும் விட்டுட்டு சானல் கரையில மட்டமா ஓட்டச் சொல்றீங்களே மக்கா! கிராவல்னாலே மலை ஏறணும். தடிக்காரன்கோணம் தாண்டினா ரப்பர் தோட்டத்துக்குள்ள எத்தனை மண் ரோடு! கேட்டைத் தூக்கி வச்சுட்டுப் போனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மேல் கோதையாறு வரை ஏறினா அதுதான் மாவட்டத்திலேயே அருமையான ஏற்றம்.

மலையோரம்:

மேலே உள்ள ஆலோசனையை, குறிப்பாகப் பையனோடு போகிறவர், எடுத்துக்கொள்ள வேண்டாம். காரணங்களைப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். மாவட்டத்தின் வடக்கே உள்ள மலைக்காடு பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம், சுமார் 402 சதுர கி.மீ. சரணாலயத்துக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தடுக்கிறது. பூட்டிய கேட்டுக்கு மேல் சைக்கிளைத் தூக்கி வைப்பது அத்துமீறல், அபராதத்தோடு சைக்கிளும் போகும். காளிகேசம் வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள இடம். செக்போஸ்ட்டில் பணம் கட்டி, அவர்கள் சொல்லும் நேரத்துக்குள், சொல்லும் இடம் வரை மட்டும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு மலையேற்ற விதிகள் இறுகின. 2024-ல் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ பாதைகள் வழிகாட்டியோடு நடப்பதற்கானவை, சைக்கிளுக்கு அல்ல. மாறாமலை கிராம்புத் தோட்டங்கள் தனியாருடையவை. உரிமையாளர் அனுமதியும் வழியில் வனத்துறை அனுமதியும் இரண்டும் வேண்டும்.

மேல் கோதையாறு பற்றி ஒரே வரி: 2023 ஜூனில் தேனியில் பிடித்த அரிக்கொம்பன் யானையை அந்த மலைப்பகுதியில்தான் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்தது அரசு ரப்பர் கழகத் தோட்டங்கள். கழகம் 1984-ல் தொடங்கியது, நாகர்கோவிலில் தலைமை அலுவலகம். கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, மைலார், கோதையாறு எனக் கோட்டங்கள். உள்ளே மண் ரோடுகள் நிறைய இருப்பது உண்மைதான். ஆனால் அவை பொது வழி அல்ல. கோட்ட அலுவலகத்தில் நாள், ஆட்கள் எண்ணிக்கை, எந்த வழியாக உள்ளே போய் எந்த வழியாக வெளியே வருவோம் என்பதை எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். கொடுத்தால் போகலாம், மறுத்தால் திரும்ப வேண்டும்.

அனுமதி கிடைத்தாலும் விடியலில் உள்ளே போகாதீர்கள். பலா, அயினி பழுக்கும் ஏப்ரல் முதல் ஜூலை வரை யானை தோட்டத்துக்குள் இறங்கும். ரப்பர் மரங்கள் வரிசையாக இருப்பதால் தூரம் தெரியும் என்று தோன்றும், ஆனால் வளைவிலும் ஓடைக் கரையிலும் யானை பத்தடியில் நின்றாலும் இருட்டில் தெரியாது. மோட்டார் பைக்குக்காவது சத்தம் உண்டு. சைக்கிள் சத்தமில்லாமல் போய் யானையைத் திடுக்கிடச் செய்யும், அதுதான் ஆபத்து. சிற்றாறு, பத்துகாணிப் பக்கம் 2023-ல் புலி நடமாட்டத்தால் கூண்டு வைக்கும் நிலை வந்தது. காலை 8 முதல் மாலை 4 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் வெட்டு விடியலுக்கு முன்பே தொடங்கும், வெயில் ஏறுமுன் மரத்தில் நீரழுத்தம் அதிகம் இருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும் என்பதால். பாலைச் சேகரித்துக் கேன்களோடு பைக்கில் இறங்குகிறவர்கள் முற்பகலில் வருவார்கள். ஒற்றைத் தடத்தில் ஏறுகிற நாம்தான் ஒதுங்க வேண்டும்.

தோட்டத்து ரோடு செம்மண்ணும் களியும் கலந்தது. மழை நின்று ஒரு நாள் ஆனாலும் நிழலில் காயாது. ஜனவரி வாக்கில் ரப்பர் இலை உதிரும். காய்ந்த சருகு ஒரு கணுக்கால் ஆழம் சேர்ந்தால் அடியில் இருக்கும் குறுக்கு ஓடையும் கல்லும் தெரியாது, முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். பின் பிரேக்கை மெதுவாக, நேர்கோட்டில் மட்டும் பிடியுங்கள். அந்தச் சருகில் ஒரு பீடித் துண்டு போதும், தீ வைத்தவர் நீங்கள் என்றாகிவிடும்.

மலையைப் பார்த்தே ஓட்ட வேண்டும் என்றால் சட்டத்துக்கு உட்பட்ட ஏற்றங்கள் உண்டு. தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை வரை தார் ரோடு, பஸ் குறைவு. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை வழியாகக் கோதையாறு போகும் ரோடும் அப்படியே. இரண்டிலும் போன வழியே திரும்புவதுதான் கணக்கு. மலைக்கு உள்ளே இரண்டையும் இணைத்து வட்டம் போட நினைத்தால் காட்டுக்குள்தான் போய் நிற்பீர்கள்.

பற்சக்கரம் (தக்கலை):

டயர் விஷயத்துக்கு வர்றேன். 38 ஓடும், ஆனா டியூபோட ஓடுறப்ப காத்தைக் குறைக்க முடியாது. சானல் கரையில அரிப்பைத் தடுக்க 40 மி.மீ. ஜல்லி கொட்டியிருப்பாங்க, கருங்கல் விளிம்பு கத்தி மாதிரி. காத்து குறைஞ்சா டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல மாட்டி ரெட்டை ஓட்டை விழும். 70 கிலோ ஆளுக்கு 700x38 டியூபோடன்னா முன்னால 40, பின்னால 45 பிஎஸ்ஐ, இதுக்குக் கீழ போகாதீங்க. ஃபிரேம்ல இடம் இருந்தா 42-ஐ டியூப்லெஸ்ஸா மாட்டி முன்னால 30, பின்னால 34 வைங்க, அதே கரை வேற கரையாத் தெரியும். இடம் இருக்கான்னு பாக்கிறது சுலபம். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் 6 மி.மீ. ஆலன் சாவி தாராளமா நுழையணும். நுழையலைன்னா செம்மண் களி அடைச்சு, பெயின்ட்டைத் தேய்ச்சு, அலுமினியம் வரைக்கும் போயிடும். பையன் வண்டி 2.1 இஞ்ச் டயர்னா 25-லிருந்து 28 போதும்.

தோவாளைக்குக் கிழக்கே ஆரல்வாய்மொழிப் பக்கம் போனா சீமைக்கருவேல முள். மேற்கே அந்தப் பிரச்சினை இல்லை, அங்க பாட்டில் சில்லுதான். முள்ளுக்கு மருந்து சீலன்ட், டயருக்குள்ள ஊத்துனா ஓட்டையைத் தானா அடைக்கிற திரவம். 700x40 டயருக்கு ஒண்ணுக்கு 60 முதல் 75 மில்லி. பாட்டில்ல ஆறு மாசம்னு போட்டிருந்தாலும் நம்ம சூட்டுக்கு ரெண்டு மூணு மாசத்துல காய்ஞ்சு தோலாயிடும். வால்வைக் கீழே வச்சு, வால்வுக்குள்ள இருக்கிற ஊசியை (கோர்) கழட்டிட்டு, குச்சி விட்டுப் பாத்து நனையலைன்னா 40 மில்லி சேர்த்துடுங்க.

‘ரப்பர் பால் நம்ம ஊர்லயே கிடைக்குதே, அதையே ஊத்தினா என்ன’ன்னு அடிக்கடி கேக்கிறாங்க. சிரட்டைப் பால் சில மணி நேரத்துலயே தானா உறைஞ்சு கட்டியாகும். சக்கரம் ஒரு பக்கம் கனத்துப்போகும், ஓட்டையும் அடைபடாது. அமோனியா சேர்த்துப் பதப்படுத்துன பால் உறையாது, ஆனா அந்த அமோனியா அலுமினிய ரிம்மை அரிக்கும். சீலன்ட்ல பாலோட உறைவெதிர்ப்புத் திரவமும் ஓட்டையில போய் அடைக்கிற நுண்துகளும் கலந்திருக்கு, அதுக்குத்தான் காசு. சின்ன கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்ல காத்து ஏத்துறவங்க கவனிங்க, அந்த வாயு சில சீலன்ட்டை உறைய வச்சிடும். கைப்பம்பே நல்லது.

கியர் உங்களுக்குப் போதும். 30-க்கு 34 போட்டா ஒரு மிதிக்கு சுமார் 1.9 மீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 60 மிதின்னா மணிக்கு 7 கி.மீ. கீரிப்பாறை ஏத்தத்துக்கு அது தாராளம்.

பிரேக்தான் உங்க வண்டியில பலவீனம். ரெசின் (பிசின்) பிரேக் பேட் ஈரச் செம்மண்ணுல வேகமாக் கரையும், மழைக்கால ஓட்டம் ரெண்டு மூணுலயே லிவர் ஹேண்டில்பாரைத் தொடும். சின்டர்டு (உலோகத் தூள்) பேட் போடுங்க. போடுறதுக்கு முன்னால ரோட்டர்ல (பிரேக் தட்டு) ‘ரெசின் பேட் மட்டும்’னு அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. இருந்தா ரோட்டரையும் சேர்த்து மாத்தணும், இல்லைன்னா ரோட்டர் தேஞ்சுடும். ஒரு பக்கப் பேட் மட்டும் அசையுற கேபிள் காலிப்பர்ல உள்பக்கப் பேட் தானா நெருங்காது. தேயத் தேய ஆலன் சாவியால திருகை ஒவ்வொரு சொடுக்கா உள்ளே தள்ளணும். கேபிளை மட்டும் இழுத்து முறுக்கிட்டே இருந்தா ரோட்டர் ஒரு பக்கமா வளைஞ்சு உரசும்.

செயினுக்கு மார்ச் முதல் மே வரை மெழுகு, இல்லைன்னா உலர் எண்ணெய். கெட்டி எண்ணெய் போட்டா செம்மண் தூசி ஒட்டி அரைக்கிற பசையாயிடும். மழைக்காலத்துல தலைகீழ், உலர் எண்ணெய் ஒரு மழைக்கே போயிடும். மணக்குடிப் பக்கம் போய் வந்தா அன்னைக்கே நல்ல தண்ணியில கழுவுங்க, உப்பு. வாட்டர் சர்வீஸ் கன்னை ஹப்புக்கும் பாட்டம் பிராக்கெட்டுக்கும் நேரா காட்டாதீங்க, கிரீஸ் போய் மண் உள்ள உக்காரும்.

பையில: டியூப் 2, பிளக் செட், டயர் லிவர், செயின் டூல், குயிக் லிங்க், டீரெயிலரை ஃபிரேம்ல மாட்டுற ஹேங்கர் ஒண்ணு. கடைசி அயிட்டம் நாகர்கோவில்ல தேடினாலும் உங்க மாடலுக்கு உடனே கிடைக்காது, முன்கூட்டியே வாங்கி வைங்க.

வடசேரிக்காரன்:

மிக்க நன்றி. அஞ்சாவது கியர் அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், பையன் வருவதால் காட்டுப் பக்கம் இப்போதைக்கு இல்லை. இரண்டு சந்தேகம். மேற்குப் பக்கம், திருவட்டாறு, மாத்தூர் பகுதியில் இதுபோல வட்டம் உண்டா? ஞாயிறு காலைதான் தோது. இன்னொன்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று அடிக்கும்போது தோவாளை வட்டத்தை எப்படி ஓட்டுவது?

திருவட்டாறு_தாமிரபரணி:

மேற்குல ஞாயித்துக்கிழமையா? அப்ப நேரத்தைப் பாத்துக்கிடுங்க. விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஞாயிறு காலை ஆராதனை நேரம், சர்ச் வாசல்ல ரெண்டு பக்கமும் காரு நிக்கும், சின்ன ரோடுதான் முதல்ல அடைபடும். ஏழு மணிக்கு முன்னால ஊர் ரோடுகளைத் தாண்டி சானல் கரைக்கு ஏறிடணும். சனிக்கிழமை கிடைச்சா சனிக்கிழமையே வாங்க. நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரை ஐயப்ப சீசன், திற்பரப்புக்கு டூரிஸ்ட் பஸ் வரிசையா வரும்.

வண்டியில சைக்கிளை ஏத்தி குலசேகரம் வந்துருங்க. அங்கிருந்து பொன்மனை, பெருஞ்சாணி, புத்தன் அணை பாத்துட்டு, திரும்பி திருநந்திக்கரை, திற்பரப்பு, பிறகு கோதையாற்றோட போக்குல திருவட்டாறு. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்துல சேர்ந்து குழித்துறைத் தாமிரபரணியாகுது. அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம். மொத்தம் 40 கி.மீ. பக்கம் வரும். இதுல மண் தடம் மூணுல ஒரு பங்குதான், மிச்சம் குறுகலான தார், ஆனா பஸ் கம்மி. கிழக்கு மாதிரி மட்டமா நினைச்சு வராதீங்க. ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கி ஏறணும், ஏத்தம் சின்னதுதான், செங்குத்து.

தொட்டிப்பாலம் 115 அடி உயரம், 28 தூண். பட்டணங்கால் தண்ணியைப் பரளியாத்துக்கு மேலே ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கொண்டுபோக 1966-ல் கட்டுனது. தொட்டிக்குப் பக்கத்துல இருக்கிறது ஆள் நடக்கிற பாதை. சைக்கிள் ஓட்டுற இடம் இல்லை, ஹேண்டில்பார் அகலத்துக்கு எதிர்ல வர்ற ஆளே ஒதுங்க முடியாது. சைக்கிளை இந்தப் பக்கமே பூட்டிட்டு நடந்து பாத்துட்டு வந்துருங்க. பட்டணங்கால் கரையை மாத்தூருக்கு ரெண்டு பக்கமும் துண்டு துண்டா ஓட்டலாம். ரப்பர், அன்னாசி, மரச்சீனி விளைகளுக்கு நடுவுல போகும்.

எந்த ரோட்டுல போறதுன்னு தெரியலைன்னா சிவாலய ஓட்டப் பாதையைப் பிடிங்க, சிவராத்திரிக்கு பக்தர்கள் சிவன் கோவில் கோவிலா ஓடிப் போற வழி அது. முஞ்சிறை திருமலையில தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். 12 கோவில், நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. நடந்தும் ஓடியும் போறவங்க பிடிச்ச வழிங்கிறதால பெரிய ரோட்டைக் கூடுமானவரை தவிர்த்தே போகும், ஊர்ல யாரைக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க. முதல் மூணு கோவில் ஒரு காலை, அடுத்த மூணு இன்னொரு காலைன்னு பிரிச்சுக்கிடலாம். சிவராத்திரிக்கு முந்தின நாளும் அன்னைக்கும் மட்டும் அந்தப் பக்கம் சைக்கிளை எடுக்காதீங்க, பாதை முழுக்க ‘கோபாலா கோவிந்தா’தான்.

மழைக்காலத்துல கிளம்புறதுக்கு முன்னால பேப்பர்ல அணை மட்டத்தைப் பாருங்க. முழு மட்டம் பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. பேச்சிப்பாறை 42, பெருஞ்சாணி 71 தாண்டினா வெள்ள அபாய எச்சரிக்கை, உபரி நீர் எப்ப வேணும்னாலும் திறப்பாங்க. மேலே மழை, இங்க வெயிலா இருக்கும், ஆத்துல மட்டும் தண்ணி ஏறும். அப்ப குழித்துறைச் சப்பாத்து (ஆத்துக்குக் குறுக்கே உள்ள தாழ்வான பாலம்) மூழ்கும், மேலே மோதிரமலை, குற்றியாறு சப்பாத்தும் மூழ்கும். சப்பாத்து மேல கணுக்கால் தண்ணிதானேன்னு இறங்கக் கூடாது. பாசி பிடிச்ச காங்கிரீட், கைப்பிடி கிடையாது, ரெண்டு சக்கரத்தையும் தண்ணி பக்கவாட்டுல தள்ளும். சுத்திப் போற தூரம் சில கிலோமீட்டர்தான்.

சானல்கரை (பூதப்பாண்டி):

காத்துக்குப் பதில். தென்மேற்குக் காலத்துல ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா காத்து மேற்கிலிருந்து கிழக்கே பாயும், முப்பந்தல்ல காத்தாடி நட்டதே அதுக்குத்தான். விடியல்ல அடங்கிக் கிடக்கும், பத்து மணி வாக்குல பிடிக்க ஆரம்பிக்கும். அதனால வட்டத்தைத் திருப்பிப் போடுங்க. 5.30-க்குக் கிளம்பி சுசீந்திரம், தேரூர் வழியா தார்லயே தோவாளை. ஒரு மணி நேரம், காத்து முதுகுல. பூச்சந்தை அந்நேரம் ஜரூரா நடக்கும், டெம்போ குறுக்கே நிக்கும், அந்த அரை கிலோமீட்டர் நிதானம். 6.30-க்கு சானல் கரையில ஏறி மேற்கே அழகியபாண்டியபுரம். எதிர்காத்துதான், ஆனா இன்னும் வேகம் எடுத்திருக்காது, அடிவாரத் தென்னையும் மறைக்கும். அங்கிருந்து வடசேரி வரை தெற்கே இறக்கம், காத்து பக்கவாட்டுல.

மணக்குடிப் பக்கம் போகணும்னா சுசீந்திரத்திலிருந்து பழையாற்றுக் கரையோட போகலாம். கடலை நெருங்க நெருங்க களி போய் மணல் வரும், 38 டயர் புதையும் இடத்துல திரும்பிடுங்க. தேரூர், சுசீந்திரம் குளங்கள் 2022-லிருந்து ராம்சர் பட்டியல்ல (சர்வதேச ஈரநிலப் பட்டியல்) இருக்கு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவை இறங்கியிருக்கும், குளத்துக்கரையில மணி அடிக்காம போங்க.

தடம் போடுறதுக்கு ஒரு வழி. செயற்கைக்கோள் படத்துல மேற்குப் பக்கம் பாத்தா ரப்பர் இலை மூடி ஒரு ரோடும் தெரியாது. கூகுள் எர்த்துல பழைய படங்களைத் தேதி வாரியாத் திருப்பி, ஜனவரி கடைசி, பிப்ரவரியில எடுத்த படத்தைத் தேர்ந்தெடுங்க. இலை உதிர்ந்த மாசம், தோட்டத்துக்குள்ள போற ரோடு, கேட், சானல் கரை, சப்பாத்து எல்லாம் தெளிவாத் தெரியும். சானல் கரையில வெள்ளைக் கோடு ரெண்டு ஓடினா ஜீப் தடம், தைரியமா ஏறலாம். ஒண்ணு மட்டும் ஓடினா அது நடைபாதை, பையனை விட்டுட்டு முதல்ல நீங்க தனியா ஒரு தடவை பாத்துட்டு வாங்க.